நேற்று 212, இன்று 38: எரிமலை அறிக்கையை எப்படிப் படிப்பது?

கேள்வி: நாங்கள் குடியிருப்பது ஓர் எரிமலையிலிருந்து 14 கி.மீ. தொலைவில். ஐந்து மாதமாக மலை 'இரண்டாம் நிலை'யில் இருக்கிறது. கண்காணிப்பு நிலையம் தினமும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் படிக்கிறேன். ஒரு நாள் 212 அதிர்வுகள் என்கிறார்கள், மறுநாள் 38. நிலை மட்டும் மாறுவதே இல்லை. பிறகு அந்த 212-ஐயும் 171 என்று திருத்தினார்கள். சில அதிர்வுகளின் ஆழம் 'மைனஸ் 0.8 கி.மீ.' என்று இருக்கிறது. ஆகாயத்திலா நிலம் நடுங்கும்? வாயு அளவு நான்கு நாளாக 'அளக்கப்படவில்லை'. உச்சியில் இருக்கும் கேமரா இரண்டு நாள் இருண்டு கிடந்தது. தெரிந்தவர்கள் எல்லாரும் 'எதையோ மறைக்கிறார்கள்' என்கிறார்கள். என் கணவரோ, 'நடப்பதாக இருந்தால் சொல்லிவிடுவார்கள், சும்மா இரு' என்கிறார். மலை எப்போது வெடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் இந்த அறிக்கை எதற்கு? (மலையின் பெயரையும் என் பெயரையும் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

கடைசியில் கேட்டிருப்பதுதான் பெரிய கேள்வி. ஆனால் நான் சின்னவற்றிலிருந்து தொடங்குகிறேன். 'மறைக்கிறார்கள்' என்ற பேச்சு அநேகமாக இந்தச் சின்ன விஷயங்களிலிருந்துதான் கிளம்புகிறது. பல வருடம் ஒரு கண்காணிப்பு நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவன் நான். அந்தப் பேச்சைத் தொலைபேசியில் நிறையவே கேட்டிருக்கிறேன்.

மைனஸ் ஆழத்தில் மர்மம் எதுவும் இல்லை. அதிர்வின் ஆழத்தைப் பல நிலையங்கள் கடல் மட்டத்திலிருந்து கணக்கிடுகின்றன, தரையிலிருந்து அல்ல. ஒரு மலையின் உச்சி கடல் மட்டத்துக்கு மேல் 2.5 கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உச்சிக்கு 1.7 கி.மீ. கீழே, மலையின் வயிற்றுக்குள் ஒரு பாறை உடைகிறது. அந்த இடம் இன்னமும் கடல் மட்டத்துக்கு 0.8 கி.மீ. மேலேதான். அதைத்தான் மைனஸ் 0.8 என்று எழுதுகிறார்கள். அறிக்கையின் அடியில் ஒரு வரி விளக்கம் போட்டால் பாதிப் பேருடைய சந்தேகம் தீர்ந்துவிடும். ஏன் போடுவதில்லை என்று என்னிடம் கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தவன்தான்.

திருத்தப்பட்ட எண்ணுக்கு வருகிறேன். முதலில் எண்ணுவது கணினி. தரை ஆடினால் அதற்கு எல்லாம் அதிர்வுதான். பலத்த காற்று, இடி, உருண்டு விழும் பாறை, எங்கோ ஆயிரம் கி.மீ. தள்ளி நடந்த நிலநடுக்கத்தின் அலை எல்லாமே அதில் சேரும். பிறகு ஓர் ஆள் உட்கார்ந்து ஒவ்வொரு பதிவாகப் பார்த்துக் கழிப்பார், சில சமயம் கூட்டவும் செய்வார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு மழை இரவில் 64 அதிர்வுகள் என்று எழுதி அனுப்பினேன். காலையில் வந்த மூத்தவர் பென்சிலை எடுத்து வரிசையாக அடித்துக்கொண்டே போனார். மிஞ்சியது 23. அன்று மத்தியானம் ஒருவர் தொலைபேசியில் கேட்டார்: "மீதி 41 எங்கே போச்சு?" இடி என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் அவராக இருந்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

ஆகவே இன்றைய எண் வரைவு என்றும் நேற்றைய எண் ஓரளவு உறுதியானது என்றும் எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தாத நிலையத்தைவிடத் திருத்தும் நிலையம் நம்பகமானது.

இதிலேயே இன்னொரு சங்கடமும் உண்டு. எண்ணிக்கை குறைந்தால் மலை அடங்கிவிட்டது என்று பொருள் இல்லை. காற்று பலமாக அடித்தால் சின்ன அதிர்வுகள் அதில் மூழ்கிவிடும். மலைக்குள்ளேயே ஓயாமல் ஓர் உறுமல் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். சந்தையில் நின்றுகொண்டு கைக்கடிகாரத்தின் டிக்டிக்கை எண்ண முடியுமா? மலை அதிகமாக உறுமும் நாளில்தான் தனித்தனி அதிர்வுகளின் எண்ணிக்கை குறைவாகப் பதிவாகலாம். '38' என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'தொடர் அதிர்வு' என்றோ 'காற்றின் குறுக்கீடு' என்றோ ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைவிட அந்தச் சொல் முக்கியம்.

வாயுவைப் பெரும்பாலும் அளப்பது சூரிய ஒளியின் உதவியால்தான். கந்தக டை ஆக்சைடு புற ஊதாக் கதிரை விழுங்கும். வானிலிருந்து வரும் ஒளியில் அந்தக் கதிர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்து, காற்றின் வேகத்தோடு பெருக்கி, ஒரு நாளைக்கு இத்தனை டன் என்று சொல்கிறார்கள். இரவில் முடியாது. மேகம் மூடினால் முடியாது. புகை கருவி இருக்கும் பக்கம் வராமல் வேறு பக்கம் போனாலும் முடியாது. நான்கு நாள் அளக்கவில்லை என்றால், அந்த நான்கு நாளும் நீங்கள் மலையைத் தெளிவாகப் பார்த்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். கேமராவும் அப்படித்தான். மேகம், பனி, சூரியத் தகட்டின் மேல் படிந்த சாம்பல், மின்னல் என்று காரணம் ஏதாவது இருக்கும்.

போய்த் துடைத்துவிட்டு வரலாமே என்று தோன்றும். அமைதியான மலை என்றால் போவார்கள். குமுறும் மலையில் ஆளை ஏற்றுவது வேறு விஷயம். கொலம்பியாவில் கலேராஸ் என்று ஒரு மலை. 1993 ஜனவரி 14 அன்று விஞ்ஞானிகளின் குழு ஒன்று வாயு மாதிரி எடுக்கவும் அளவீடு செய்யவும் அதன் வாய்க்குள் இறங்கியது. அவர்கள் அங்கே இருக்கும்போதே மலை வெடித்தது. ஆறு விஞ்ஞானிகளும் பார்க்க வந்த மூன்று பேரும் இறந்தார்கள். எங்கள் தொழிலில் அந்த நாளை யாரும் மறக்கவில்லை. ஒரு கேமராவுக்காக ஆளை மேலே அனுப்பச் சம்மதிக்காத நிலையத் தலைவரை நான் மனதாரப் பாராட்டுவேன்.

கலேராஸைச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. வெடிப்பதற்கு முந்தைய நாட்களில் அங்கே பதிவான அதிர்வுகள் மிகக் குறைவு. நூற்றுக்கணக்கில் எதுவும் இல்லை. மலை அமைதியாகத்தான் தெரிந்தது. ஆனால் பதிவான சில அதிர்வுகள் விநோதமான வடிவத்தில் இருந்தன. சட்டென்று தொடங்கி, ஒரே சுருதியில் நீண்டு, மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கின. காகிதத்தில் பார்த்தால் திருகாணி மாதிரி இருக்கும். ஸ்பானிய மொழியில் திருகாணிக்கு 'தோர்னியோ' என்று பெயர், அந்த அலைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. அதற்கு முந்தைய வருட வெடிப்புக்கு முன்னாலும் அதே வடிவம் வந்திருந்தது. அதன் பொருள் பின்னால்தான் முழுமையாகப் புரிந்தது.

உங்கள் அறிக்கையில் 212 என்ற மொத்தத்துக்குக் கீழே வகை பிரித்து எழுதியிருப்பார்கள், அதைப் பாருங்கள். பாறை உடைவதால் வரும் அதிர்வு ஒரு வகை. கூர்மையாகத் தொடங்கிச் சீக்கிரம் முடியும். கற்குழம்போ வாயுவோ வெந்நீரோ பிளவுகளுக்குள் நெருக்கியடித்துப் போவதால் வருவது இன்னொரு வகை. குழாயில் காற்று அடைத்து உறுமுவது போல, மெதுவான அலை. அது விடாமல் மணிக்கணக்கில் நீண்டால் தொடர் அதிர்வு. மேலிருந்து கல் சரிவதும் பதிவாகும். மலை உச்சியில் புதிய லாவா மேடு வளர்ந்துகொண்டிருந்தால் அதுவே முக்கியமான செய்தி. முதல் வகையில் 200 வந்த நாளைவிட, முதல் வகை 30-ஆகக் குறைந்து இரண்டாம் வகை பூஜ்யத்திலிருந்து 8-க்கு ஏறிய நாளில்தான் நான் தேநீரை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு பாலித் தீவின் அகுங் மலை நல்ல உதாரணம். 1963-ல் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற மலை அது. 2017 செப்டம்பரில் ஒரு நாளைக்குப் பல நூறு அதிர்வுகள் வந்தன. செப்டம்பர் 22 அன்று எச்சரிக்கையை உச்ச நிலையான நான்குக்கு ஏற்றினார்கள். ஏறக்குறைய 1,40,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். மலை வெடிக்கவில்லை. அக்டோபரில் அதிர்வுகள் மளமளவென்று குறைந்தன. அக்டோபர் 29 அன்று நிலையை மூன்றுக்கு இறக்கினார்கள். 'தேவையில்லாமல் பயமுறுத்திவிட்டார்கள்' என்று பேச்சு எழுந்தது. நவம்பர் 21 அன்று அகுங் சாம்பலைக் கக்கத் தொடங்கியது. 27-ஆம் தேதி மறுபடியும் நான்காம் நிலை. விமான நிலையத்தையும் மூடினார்கள். உச்சகட்ட அதிர்வுகளின்போது வெடிக்காத மலை, அவை ஓய்ந்த பிறகு வெடித்தது. கற்குழம்பு பாறையை உடைத்து வழி ஏற்படுத்தும்போதுதான் சத்தம் அதிகம். வழி கிடைத்துவிட்டால் சத்தம் குறையும்.

இதைப் படித்துவிட்டு '38 என்றால் இனி வெடிக்கப்போகிறது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான மலைகளில் அதிர்வு குறைந்தால் உண்மையிலேயே அடங்குகிறது என்றுதான் பொருள். ஒரே ஓர் எண்ணைப் பார்த்து இந்தப் பக்கமும் முடிவு கட்ட முடியாது, அந்தப் பக்கமும் முடியாது. அதனால்தான் அதிர்வோடு நிலத்தின் வீக்கத்தையும் வாயுவையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

வாயு எப்படி ஏமாற்றும் என்பதை பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ காட்டியது. 1991 மே 13 அன்று கந்தக டை ஆக்சைடு ஒரு நாளைக்கு 500 டன். மே 28-ல் 5,000 டன்னைத் தாண்டியது. பிறகு இறங்கத் தொடங்கி ஜூன் 5-ல் 260 டன்னுக்கு வந்துவிட்டது. அந்தக் கடைசி எண்ணை மட்டும் பார்த்தால் யாருக்கும் நிம்மதிப் பெருமூச்சுதான் வரும். ஆனால் அதே நாட்களில் அதிர்வுகள் அடங்கவில்லை. வாயு வெளியேறும் வழி அடைபட்டிருக்கிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது என்று அங்கிருந்தவர்கள் கணித்தார்கள். ஜூன் 10 அன்று பக்கத்தில் இருந்த கிளார்க் விமானத் தளத்தைக் காலி செய்தார்கள். ஜூன் 15 அன்று இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று நடந்தது. முன்கூட்டியே வெளியேற்றியதால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. அந்த 260-ஐ நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலத்தின் வீக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜிபிஎஸ் கருவி மி.மீ. கணக்கில் சொல்லும். சாய்வுமானி அதைவிட நுணுக்கமானது. 'ஒரு மைக்ரோரேடியன்' என்று அறிக்கையில் பார்த்தால் மிரள வேண்டாம். ஒரு கி.மீ. நீளமுள்ள கம்பியின் ஒரு முனையை ஒரு மி.மீ. தூக்கினால் எவ்வளவு சாயுமோ அவ்வளவுதான்.

இப்போது நிலை. ஐந்து மாதமாக மாறாத அந்த 'இரண்டு'.

உலகம் முழுக்க ஒரே அளவுகோல் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில் நான்கு படி. ஜப்பானில் ஒன்று முதல் ஐந்து. நியூசிலாந்திலும் பிலிப்பைன்ஸிலும் பூஜ்யத்திலிருந்து ஐந்து. அமெரிக்காவில் எண்ணே கிடையாது, நான்கு சொற்கள்தான். இது போதாதென்று விமானங்களுக்குத் தனியாகப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. 1989 டிசம்பரில் அலாஸ்காவின் ரிடவுட் மலைச் சாம்பலுக்குள் புகுந்த ஒரு பயணிகள் விமானத்தின் நான்கு இன்ஜின்களும் நின்றுபோய், பிறகு நடுவானிலேயே மறுபடி இயக்கி இறக்கினார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு அலாஸ்காவில் உருவானது அந்த வண்ண முறை. விமானத்துக்குச் சிவப்பு என்றால் உங்கள் தெருவுக்கும் சிவப்பு என்று பொருள் இல்லை. சாம்பல் பத்து கி.மீ. உயரத்தில் போகும், கீழே இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இரண்டையும் ஒரே அறிக்கையில் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள்.

இதைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று உண்டு. சில நாடுகளில் நிலை என்பது மலை இப்போது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்லும். நியூசிலாந்தில் அப்படித்தான், அது முன்னறிவிப்பு அல்ல. வேறு சில நாடுகளில் வெடிப்பு எவ்வளவு நெருங்கியிருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். ஜப்பானில் மக்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பொறுத்தே படி அமைகிறது. உங்கள் 'இரண்டு' இதில் எந்த வகை என்பதை நிலையத்தின் விளக்கப் பக்கத்தில் ஒரு முறை படித்துவிடுங்கள். உங்கள் எரிச்சலில் பெரும்பகுதி, 'இரண்டு' என்பதை மாணவனின் மதிப்பெண் போலத் தினமும் ஏறி இறங்க வேண்டிய எண்ணாக நினைப்பதால் வருவது. அது அப்படி ஏறி இறங்காது. 212 வந்த நாளும் 38 வந்த நாளும் 'வழக்கத்தைவிட அதிகமான குமுறல்' என்ற ஒரே வரம்புக்குள் இருந்தால் நிலை மாறாது.

அறிக்கையில் அடிக்கடி வரும் 'குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்ற தொடரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலை அமைதியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டால் மாற்றம் இல்லை, அவ்வளவுதான். காய்ச்சல் 102-லேயே நிற்கும் நோயாளிக்கும் மாற்றம் இல்லைதான்.

படி ஏறும்போது ஒவ்வொன்றாக, நமக்கு மூட்டை கட்ட நேரம் கொடுத்து ஏறும் என்றும் நினைக்க வேண்டாம். பிலிப்பைன்ஸின் தால் எரிமலை 2020 ஜனவரி 12 மத்தியானம் வரை முதல் நிலையில் இருந்தது. அன்று இரவுக்குள் நான்காம் நிலை.

சொல்லின் ஆபத்தைப் பற்றி ஜப்பான் கற்ற பாடம் கசப்பானது. ஒன்தாகே மலை, 2014 செப்டம்பர் 27. சனிக்கிழமை, மத்தியானம், நல்ல வெயில், உச்சியில் நூற்றுக்கணக்கான மலையேறிகள். இரண்டு வாரத்துக்கு முன்னால் சின்ன அதிர்வுகள் அதிகமாகிப் பிறகு குறைந்திருந்தன. அதைப் பற்றி வானிலை முகமை தகவலும் வெளியிட்டிருந்தது. ஆனால் நிலை 'ஒன்று'. அந்த ஒன்றுக்கு அப்போது எழுதியிருந்த சொல் 'இயல்பு'. 11:41-க்குத் தொடர் அதிர்வு தொடங்கியது, 11:52-க்கு மலை வெடித்தது. பதினோரு நிமிடம்! 63 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மறு வருடம் அந்த 'இயல்பு' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இது உயிருள்ள எரிமலை என்பதைக் கவனத்தில் கொள்ளவும்' என்ற பொருளில் மாற்றி எழுதினார்கள். எண் அதேதான், சொல்தான் மாறியது. நான் பார்த்த திருத்தங்களிலேயே மிக நேர்மையானது அது என்பேன்.

இது உங்கள் கணவருக்கான பதிலும்கூட. 'நடப்பதாக இருந்தால் சொல்லிவிடுவார்கள்' என்பது பாதி சரி. கற்குழம்பு ஆழத்திலிருந்து மேலே ஏறி வர வேண்டும் என்றால் பாறை உடையும், நிலம் வீங்கும், வாயு கசியும். நன்றாகக் கருவி பொருத்திய மலையில் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ அதன் தடயம் தெரியும். ஆனால் ஒன்தாகேயில் நடந்தது நீராவி வெடிப்பு. உச்சிக்கு அருகே தேங்கியிருக்கும் வெந்நீர் சட்டென்று ஆவியாகிக் கல்லையும் சேற்றையும் வீசியெறியும். அதற்குப் புதிய கற்குழம்பு மேலே வர வேண்டிய அவசியமே இல்லை, அதனால் முன்னறிகுறியும் அநேகமாக இருக்காது. நியூசிலாந்தின் ஃபகாரி தீவிலும் 2019 டிசம்பர் 9 அன்று 47 பேர் தீவில் இருந்தபோது மலை திடீரென்று வெடித்தது. 22 பேர் இறந்தார்கள். அங்கே மூன்று வாரத்துக்கு முன்பே நிலையை ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏற்றியிருந்தார்கள்.

அந்த இரண்டு இடத்திலும் இறந்தவர்கள் எரிமலை வாய்க்கு மிக அருகில் இருந்தவர்கள். நீராவி வெடிப்பின் கை எட்டும் தூரம் பொதுவாக ஓரிரு கி.மீ.தான். அறிக்கையில் 'வாயிலிருந்து இத்தனை கி.மீ.க்குள் யாரும் போகக் கூடாது' என்று ஒரு வட்டம் போட்டிருப்பார்களே, அது முக்கியமாக இதற்குத்தான். எப்போது என்று சொல்ல முடியாத ஆபத்துக்கு எங்கே என்று மட்டும் சொல்லிவைக்கிறார்கள். 14 கி.மீ. தள்ளி இருக்கும் உங்களுக்கு நீராவி வெடிப்பு பயமில்லை. மலையேறப் போகும் உங்கள் பிள்ளைக்கு உண்டு.

சரி, பெரிய கேள்வி. அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

சில மலைகளில் கிட்டத்தட்டத் தெரியும். ஹவாயின் கிலாவேயா 2024 டிசம்பர் 23 முதல் விட்டுவிட்டு லாவா ஊற்றாகப் பீய்ச்சியடிக்கிறது. ஒவ்வொரு முறையும் உச்சி வீங்கும், ஊற்று தொடங்கியதும் சடாரென்று இறங்கும், மறுபடி வீங்கும். இதே தாளம் திரும்பத் திரும்ப வந்ததால், வீக்கம் பழைய அளவை நெருங்கும்போது அடுத்தது இந்தச் சில நாட்களுக்குள் என்று அங்கே உள்ள நிலையம் தேதி போட்டே சொல்கிறது. இப்படித் தேதி சொல்லக் கொடுத்துவைத்த நிலையங்கள் குறைவு.

ஐஸ்லாந்தின் கிரிண்டவிக் ஊரில் நடந்தது இன்னொரு மாதிரி. 2023 நவம்பர் 10 அன்று நிலத்துக்கு அடியில் 15 கி.மீ. நீளத்துக்குக் கற்குழம்பு பிளந்துகொண்டு போனது. ஊருக்குக் கீழேயே அது ஓடுவது கருவிகளில் தெரிந்தது. அன்று இரவே ஊரைக் காலி செய்தார்கள். வெடித்தது எப்போது? டிசம்பர் 18-ல், 38 நாள் கழித்து. குழம்பு எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், தேதி தெரியவில்லை.

இத்தாலியின் போட்சுவோலியில் இதற்கும் மேல். 1982-க்கும் 84-க்கும் இடையே நகரத்தின் தரை ஏறக்குறைய 1.8 மீட்டர் உயர்ந்தது. துறைமுகத்தில் படகு கட்ட முடியாமல் போனது. சுமார் 40,000 பேரை இடம் மாற்றினார்கள். வெடிக்கவே இல்லை. தரை பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இப்போது பல வருடமாக மறுபடி ஏறிக்கொண்டிருக்கிறது.

இந்த மூன்றில் உங்கள் மலை எந்த மாதிரி என்று ஐந்து மாத அறிக்கையை வைத்து என்னால் சொல்ல முடியாது. அந்த நிலையத்தில் இருப்பவர்களாலும் முடியாமல் இருக்கலாம். 'சாத்தியம் உள்ளது' என்று அவர்கள் எழுதும்போது மழுப்புவதாகத் தோன்றுகிறது, இல்லையா? தங்களுக்குத் தெரிந்த அளவை அப்படியே எழுதுகிறார்கள். தேதி தெரிந்தும் சொல்லாமல் இருப்பது வேறு, தேதியே இல்லாமல் இருப்பது வேறு.

அதிகாரிகள் எப்போதுமே மறைத்தது இல்லையா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1902-ல் மார்ட்டினிக் தீவின் பெலே மலை குமுறியபோது, செயின்ட் பியர் நகரத்துக்கு ஆபத்து இல்லை என்ற தொனியில்தான் மக்களுக்குச் சொன்னார்கள். மே 8 காலை, சுட்டெரிக்கும் சாம்பல் மேகம் நிமிடக் கணக்கில் நகரத்தை அழித்தது. ஏறக்குறைய 28,000 பேர். மக்களுக்குத் தைரியம் சொல்ல வந்து தங்கியிருந்த ஆளுநரும் அவர்களில் ஒருவர். அது மறைத்ததா, அறியாமையா என்று இன்னும் வாதாடுகிறார்கள். இன்று பல நிலையங்கள் அதிர்வுமானியின் பதிவை அப்படியே நேரலையாக வெளியிடுகின்றன, செயற்கைக்கோள் படங்களை வெளிநாட்டில் உட்கார்ந்தும் பார்க்கலாம். பெரிய மாற்றத்தை மறைப்பது கடினம். சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் இருண்ட கேமராவையும் திருத்திய எண்ணையும் சாட்சியாக வைத்தால் அந்த வழக்கு நிற்காது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடிதத்தில் அதிர்வு இருக்கிறது, வாயு இருக்கிறது, கேமரா இருக்கிறது. அறிக்கையின் கடைசிப் பத்தி மட்டும் இல்லை. 'இந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்' என்று ஒரு பத்தி இருக்கும். தினமும் அதே வாசகமாக இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும். எனக்குக் கவலை தருவது அதுதான்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ், 1985 நவம்பர் 13. வெடிப்பு என்று பார்த்தால் பெரியது இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பனியில் ஒரு பகுதி உருகி, சாம்பலோடும் கல்லோடும் சேர்ந்து சேற்று வெள்ளமாக ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கியது. பள்ளத்தாக்கு வழியாகப் பார்த்தால் 70 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த ஆர்மேரோ நகரத்தை இரண்டரை மணி நேரத்தில் எட்டியது. மொத்தம் 23,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் அந்த ஒரே நகரத்தில். ஒரு மாதத்துக்கு முன்னால் வெளியான ஆபத்து வரைபடத்தில் ஆர்மேரோ சேற்று வெள்ளம் வரும் இடமாகவே குறிக்கப்பட்டிருந்தது. தேதி யாருக்கும் தெரியவில்லை. இடம் தெரிந்திருந்தது.

மலை அடங்கிய பிறகும் இது வரும். பிலிப்பைன்ஸின் மயோன் 2006-ல் குமுறி ஓய்ந்த சில வாரத்துக்கெல்லாம், நவம்பர் 30 அன்று ஒரு சூறாவளி மழை சரிவில் கிடந்த பொருட்களைச் சேறாக வாரிக்கொண்டு வந்து கீழே இருந்த கிராமங்களைப் புதைத்தது. அன்று எரிமலை ஒன்றுமே செய்யவில்லை.

அதனால் தினமும் காலையில் எண்ணைப் பார்த்து மனம் பதற வேண்டாம். வாரத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து, கடந்த நான்கு வாரத்தோடு சேர்த்துப் பாருங்கள். நிலை மாறினால் எப்படியும் உங்கள் கைப்பேசிக்கு வரும். வரும்படி பதிவு செய்திருக்கிறீர்கள்தானே? மிச்சமாகும் நேரத்தில் ஆபத்து வரைபடத்தை எடுத்து உங்கள் வீட்டைக் கண்டுபிடியுங்கள். சேற்று வெள்ளத்தைப் பொறுத்தவரை, 14 கி.மீ. என்பதை வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. மேட்டில் இருக்கும் வீட்டுக்கு 14 கி.மீ. போதும். மலையிலிருந்து இறங்கும் ஓடையின் கரையில் இருக்கும் வீட்டுக்கு 40 கி.மீ. கூடப் போதாமல் போகலாம்.

அடுத்த கடிதத்தில் மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள்: வீட்டுக்கு மிக அருகில் ஓடும் ஆறோ ஓடையோ மலையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, அதன் படுகையைவிட உங்கள் வாசற்படி எத்தனை மீட்டர் உயரம், அங்கிருந்து ஏறிப் போகக்கூடிய மேடு நடந்தால் எத்தனை நிமிடம். கடைசியாகக் கேட்டதை உத்தேசமாக எழுத வேண்டாம். கணவரையும் அழைத்துக்கொண்டு ஒரு முறை இரவில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.